மஞ்சள் போகாத வெள்ளை வண்டி

போன மாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கார் பாலிஷ் வேலை செய்கிறவர்களின் குழு அது. நான் வேலையை நிறுத்திய பிறகும் என்னை யாரும் அதிலிருந்து நீக்கவில்லை, நானும் விலகவில்லை. படத்தில் ஒரு சிவப்புக் காரின் பானட். அதன் முனையில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்து அடியிலிருக்கும் சாம்பல் நிறம் தெரிந்தது. படத்தைப் போட்டவர் கீழே ஒரே வரிதான் எழுதியிருந்தார்: "ஒரு நிமிஷம் கூடிப்போச்சு, இனி என்ன செய்ய?"

பதில் சொன்னவர்களைவிடத் திட்டியவர்கள் அதிகம். மெஷின் பிடிக்கத் தெரியாதவன் எல்லாம் கடை போட்டால் இப்படித்தான் என்று ஒருவர். அரை நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் இது நடந்திருக்கிறது" என்று தட்டினேன். உடனே போன் மேல் போன். "காதர் காக்கா, உங்களுக்கா? சும்மா ஆறுதலுக்குச் சொல்லுதீங்களா?" என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். ஆறுதலுக்கு இல்லை. எழுதுங்கள் என்றார்கள், எழுத உட்கார்ந்தேன். எழுதப்போனால் எனக்கே பிடி கிடைக்கவில்லை. பெயின்ட் போனது இதில் சின்ன விஷயம். அதைச் சுற்றி நடந்ததில் யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

எனக்குச் சொந்த ஊர் தேங்காப்பட்டணம். இருபத்திரண்டு வயதில் ஷார்ஜாவுக்குப் போனேன். பெரிய வேலைக்கென்று சொல்லித்தான் விசா கொடுத்தார்கள். இறங்கிய மறுநாள் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து டயரைக் கழுவச் சொன்னார்கள். ஒரு வருடம் டயரும் மிதியடியும். அதற்கப்புறம் துணி பிடித்துத் துடைக்கும் வேலை. மூன்றாவது வருடத்தில்தான் மெஷின் கைக்கு வந்தது. கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான்.

எங்கள் ஃபோர்மேன் சூடான் நாட்டுக்காரர், பெயர் ஹாசன். ஆறடிக்கு மேல் உயரம். பேசும் சத்தம் பக்கத்தில் நிற்பவனுக்கே பாதிதான் கேட்கும். நாங்கள் ஒரு கதவைப் பாலிஷ் பண்ணி முடித்து, கண்ணாடி மாதிரி இருக்கிறதென்று அவரைக் கூப்பிட்டால் உடனே பார்க்க மாட்டார். பாலிஷிலிருக்கும் எண்ணெய், மெஷின் விட்ட மெல்லிய கோடுகளுக்குள் இறங்கி அவற்றை மறைத்துவிடும். பளபளப்பு எண்ணெயுடையதா பெயின்டுடையதா என்று அப்போது தெரியாது. அதனால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் கதவை அவரே ஒரு முறை துடைப்பார். துடைத்துவிட்டு, "டீ குடிக்கலாம்" என்பார். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், கண்ணாடி என்று நாங்கள் நினைத்த இடத்தில் சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகக் கோடு நிற்கும்.  அவர் விளக்கை அந்தக் கோட்டுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. தான் பாலிஷ் செய்ததைத் தானே பார்த்துச் சரி சொல்லக்கூடாது. இன்னொருவன் பார்க்க வேண்டும். நான் செய்ததை சில்வெஸ்டர் பார்ப்பான், அவன் செய்ததை நான் பார்ப்பேன். பத்தொன்பது வருடம் அப்படித்தான்.

சில்வெஸ்டருக்கு இனயம். என் வயதுதான். அவன் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள், இவனுக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி. அதனால்தான் ஷார்ஜாவுக்கு வந்தேன் என்று வெட்கமில்லாமல் எல்லோரிடமும் சொல்வான். ஒரே அறையில் மேல் கட்டில் அவனுக்கு, கீழ்க் கட்டில் எனக்கு. கடைசியில் நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் வேலையை விட்டு ஊருக்கு வந்தோம். வந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து, வண்டி நிற்கும் வீட்டுக்கே போய்ப் பாலிஷ் செய்யும் வேலையைத் தொடங்கினோம். அவனுடைய பைக்கில் மெஷின் பெட்டியை முன்னால் வைத்து, நான் பின்னால் உட்கார்ந்து வாளிகளைப் பிடித்துக்கொள்வேன்.

வீட்டில் செய்யும் வேலையை ஒரே நாளில் முடிக்க முடியாது. வண்டிக்காரர் வேலைக்குப் போக வண்டி வேண்டும், நமக்கும் நிழல் இருக்கும் நேரம்தான் கணக்கு. அதனால் நான்கு கட்டமாகப் பிரித்துக்கொள்வோம். முதல் நாள் கழுவல். இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறையும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புக்குள் விட வேண்டும். பிறகு க்ளே எனும் களிமண் கட்டியைத் தண்ணீர் தெளித்துத் தேய்த்து, கழுவினால் போகாத பிசினையும் புகையையும் எடுப்போம். இரண்டாம் நாள் காம்பவுண்டு, மெஷின் வைத்துத் தேய்க்கும் சொரசொரப்பான பசை. அதுதான் ஆபத்தான நாள். பெயின்டுக்கு மேலே இருக்கும் க்ளியர் கோட் என்ற நிறமில்லாத படலத்தை ஒரு துளி அறுத்து எடுக்கிற வேலை. விளிம்புகளில் க்ளியர் மெலிந்திருக்கும், அங்கே டேப் ஒட்டி மறைப்போம். மூன்றாம் நாள் மெல்லிய பேடில், அதாவது மெஷின் முனையில் மாட்டும் பஞ்சில், பாலிஷ். நான்காம் நாள் மேலே ஒரு பூச்சு.

ஊரில் வந்தபிறகு ஹாசனுடைய கண்டிப்பை நான்தான் கைவிட்டேன். பெயர் எனக்கு வந்துவிட்டது. மார்த்தாண்டத்தில் ஒருவர் குலசேகரத்தில் ஒருவரிடம் சொல்வார், அவர் தக்கலையில் சொல்வார். எல்லோரும் "காதரைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார்கள். நான் செய்ததை நானே பார்த்துச் சரி சொல்ல ஆரம்பித்தேன். 

இனி அந்தக் கறுப்பு வண்டியின் கதை. மார்த்தாண்டம் பக்கம் ஒரு பல் டாக்டருடைய கார். நான்கு நாள் வேலை முடிந்து, பார்த்து, துடைத்து, படமெல்லாம் எடுத்து வந்தோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு டாக்டர் போன் பண்ணினார். "காதர், வெயில்ல நிறுத்திப் பாத்தேன். கதவு ரெண்டுலயும் வட்டம் வட்டமா வரி தெரியுதே. இதுக்கு முன்னாடியே நல்லா இருந்துதே."

போனேன். வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். எனக்கு ஒரு வரியும் தெரியவில்லை. வெயில் அந்தக் கறுப்பில் பட்டுக் கண்ணுக்குள் சிதறியது, அவ்வளவுதான். டாக்டர் விரலை வைத்துக் காட்டுகிறார். நான் தலையை இப்படியும் அப்படியும் சாய்க்கிறேன். சில்வெஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா காதரே, கெடக்கு" என்றான்.

"எங்க கெடக்கு?"

"இங்க பாரு. இங்கயும். ஒனக்குத் தெரியலியா?"

அந்தக் கதவு இரண்டும் நான் செய்தது. ஆனால் எனக்குத் தெரியாத கோடு எப்படி இருக்க முடியும்? அதனால் கடைசித் துடைப்பை அவன் அழுக்குத் துணியால் செய்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். டாக்டர் முன்னாலேயே சொன்னேன். "ஒனக்க கண்ணு சரியில்ல லேய். துணியில மண்ணு இருந்தது ஒனக்குத் தெரியல. போய்க் கண்ணாஸ்பத்திரியில காட்டு." அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மெஷினை எடுத்து அந்தக் கதவுகளைத் திரும்பச் செய்தான். டாக்டர் சரி என்றார். எனக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

அடுத்த வாரம் சில்வெஸ்டர் மூக்குக்கண்ணாடியோடு வந்தான். "காட்டினேன். கண்ணாடி போடச் சொன்னாங்க" என்றான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு புகாரும் வரவில்லை. அவனுக்குக் கண்ணாடி போட வைத்ததால் தொழில் நேரானது என்று நான் என் மனைவி மைமூனிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த இரண்டு வருடமும் எனக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று இப்போது யோசித்தால் எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது தெரிகிறது. விளக்கு மங்கலாகத் தெரிந்தால் எல்.இ.டி. விளக்கே மோசம், பழைய குண்டு பல்புதான் சரி என்று மூன்று விளக்கு மாற்றினேன். வீட்டுக்கு வெள்ளை அடித்தவரிடம், "வெள்ளை சொன்னா சந்தனக் கலர் அடிச்சிருக்கியே" என்று சண்டைக்குப் போனேன். அவர் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். டப்பாவில் எழுதியிருப்பதே பொய் என்றேன்.

பிறகு வந்ததுதான் ஸ்டெல்லா சிஸ்டருடைய வண்டி.

சிஸ்டர் குவைத்தில் இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர். குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்து ஓரம் வீடு. திரும்பி வந்து அவர் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் அந்த வெள்ளைக் கார், முத்து மாதிரி உள்ளுக்குள் மினுக்கும் வெள்ளை. பக்கத்து வீட்டில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரை. காற்று அடித்தால் புகை முழுக்க இவர் போர்ச்சுக்குத்தான். ஆறு மாதத்தில் வண்டி மஞ்சளித்துப் போயிருந்தது. "எனக்க வண்டிய நானே அடையாளம் தெரியாம நிக்கேன் அண்ணா" என்றார். ஆஸ்பத்திரி டியூட்டிக்கு அதில்தான் போகிறார், அதனால் அவருக்கு லீவு விழும் நாட்களில் மட்டும் வேலை என்று பேசிக்கொண்டோம்.

முதல் நாள் கழுவினோம். க்ளே போட்டபோது கட்டி உண்மையிலேயே பழுப்பாக மாறியது, மடித்து மடித்துப் போட்டோம். ஒரு வண்டிக்கு ஒரு கட்டி போதும், இதற்கு இரண்டு ஆயிற்று. மாலையில் சில்வெஸ்டர் சொன்னான், "மஞ்சள் முழுக்கப் போயிட்டு. காம்பவுண்டு லேசா போட்டாப் போதும்." நான் பார்த்தேன். எனக்கு மஞ்சள் அப்படியே இருந்தது. மேலோடு போயிருக்கிறது, உள்ளே இறங்கியது போகவில்லை என்று நினைத்தேன். சொல்லவில்லை. மறுவாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் வலது பக்கம் அவனுக்கு, இடது பக்கமும் பானட்டும் எனக்கு. இடது பக்கக் கதவுகளைக் காலையிலேயே முடித்துவிட்டுப் பானட்டுக்கு வந்தேன். பெயின்ட் எவ்வளவு தடிமன் மிச்சம் இருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி எங்களிடம் உண்டு. அதில் எண்கள் பொடியாகத் தெரியும் என்பதால் அவன்தான் வாசித்துச் சொல்வான். தொடங்கும்போது நூற்றுப்பத்து மைக்ரான் என்றான். இரண்டு தடவை மெஷின் ஓட்டினேன். மஞ்சள் போகவில்லை. இன்னும் இரண்டு தடவை ஓட்டினேன்.

அவன் வந்து கருவியை வைத்துப் பார்த்தான். "தொண்ணூத்தெட்டு. மக்கா, போதும்."

"மஞ்சள் கெடக்குலா."

"எங்க மஞ்சள்? வெள்ளையாக் கெடக்கு."

"ஒனக்குக் கண்ணாடி போட்டும் தெரியலியா?"

அவன் போய்விட்டான். இதில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. சிவப்பு வண்டியிலோ நீல வண்டியிலோ க்ளியர் போய்விட்டால் பேடில் நிறம் ஒட்டும், அது ஒரு எச்சரிக்கை. வெள்ளை வண்டியில் காம்பவுண்டும் வெள்ளை, பேடும் வெள்ளை. எந்த எச்சரிக்கையும் வராது. வெள்ளைக்குக் கறுப்புப் பேடு போட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்று பெட்டியில் கறுப்புப் பேடு இருந்தது. நான் எடுக்கவில்லை. 

பானட்டின் இடது முனையில் டேப்புக்கு ஓரமாக மஞ்சள் கூடுதலாகத் தெரிந்தது. டேப்பை உரித்துவிட்டு விளிம்பிலேயே மெஷினை வைத்தேன். கையால் தொட்டால் சுட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனேன். நிறுத்தி, துணியால் துடைத்தபோது அந்த இடம் மட்டும் மங்கலாக, சுண்ணாம்பு மாதிரி நின்றது. மறுபடி துடைத்தேன். மங்கல் போகவில்லை. ஈரக்கையால் தடவினேன். ஈரம் காய்ந்ததும் திரும்ப மங்கல்.

சில்வெஸ்டர் மெஷினை நிறுத்தினான். சத்தமில்லாமல் வந்து நின்றான். "க்ளியர் போயிட்டு காதரே" என்றான்.

முப்பது வருடத்துக்கு மேல் மெஷின் பிடித்த கை. ஒரு வண்டியில்கூட எனக்கு அது நடந்ததில்லை. நான் கத்த ஆரம்பித்தேன். முதலில் பெயின்ட் அடித்த கம்பெனியை, பிறகு புகையை, பிறகு அவனை. கருவியில் தப்பாக வாசித்தாய் என்றேன். அவன் குனிந்து, நான் உரித்துப் போட்ட டேப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சத்தம் கேட்டு ஸ்டெல்லா சிஸ்டர் வெளியே வந்தார். பானட்டைப் பார்த்தார். அவருக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. நான், "சிஸ்டரே, நீங்களே சொல்லுங்க. இந்த வண்டி மஞ்சளா வெள்ளையா?" என்று கேட்டேன். நியாயம் கேட்கிறவன் மாதிரி.

"வெள்ளதான் அண்ணா. போன வாரமே நல்ல வெள்ளயாயிட்டே. நான் ஆஸ்பத்திரியில எல்லார்ட்டயும் சொன்னேன்லா."

"இந்தக் கதவு?"

"அதும் வெள்ளதான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு பொட்டலம் எடுத்து வந்தார். என் கண் முன்னாலேயே உறையைக் கிழித்து, உள்ளிருந்த துணியை விரித்துப் பிடித்தார். "அண்ணா, இது என்ன நெறம்?"

எதற்குக் கேட்கிறார் என்று புரியவில்லை. "பழைய வேட்டி நெறம். லேசா மஞ்சள்" என்றேன்.

"இது காயத்துக்குக் கட்டுத துணி. இப்பதான் பிரிச்சேன்." அவர் குரல் அப்போது மாறியது. நர்ஸ் குரல். என்னைப் படியில் உட்கார வைத்தார். ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னார், மறு கண்ணைப் பொத்தச் சொன்னார். போன் டார்ச்சை அடித்துக் கண்ணுக்குள் பார்த்தார். "ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கு அண்ணா. வலது கண்ணுல நல்லா மூத்துப் போயிருக்கு. இந்தக் கண்ண வச்சுக்கிட்டா இவ்வளவு நாளும் வேல செய்தீங்க?"

பிறகு சில்வெஸ்டரைப் பார்த்துத் திரும்பினார். "கூடவே நிக்கீங்க. நீங்க கவனிக்கலியா?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான். முகம் துடைக்கத் துண்டு எடுப்பதற்காக அதைப் போர்ச்சுத் திண்டில் வைத்தான். சிஸ்டர் அதை எடுத்து, பழக்கத்தில், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"இதுல பவரே இல்லியே அண்ணா. வெறும் கண்ணாடில்லா."

சில்வெஸ்டர் கையை நீட்டிக் கண்ணாடியை வாங்கிக்கொண்டான்.

என் மூளை அன்று எந்த வேகத்தில் வேலை செய்தது என்று சொல்கிறேன். வெறும் கண்ணாடி என்றதும் எனக்கு முதலில் தோன்றியது, கடைக்காரன் இவனை ஏமாற்றிவிட்டான் என்பதுதான். அப்படியே கேட்டேன். "எந்தக் கடையில எடுத்த?" அவன் வாளிகளைக் கழுவப் போனபோதுதான் வேறு ஏதோ இருக்கிறது என்று உறைத்தது. என்ன என்று பிடிபடவில்லை. அவன் பைக்கில் ஏறாமல், குலசேகரத்தில் பஸ் பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்தேன்.

பானட்டை ஒரு பெயின்ட் அறைக்குக் கொண்டுபோய்ப் புதிதாக அடிக்கும் வேலையை சில்வெஸ்டரே முன்னால் நின்று பார்த்தான். புதுப் பெயின்ட் நன்றாக ஆறுகிறவரை அதன்மேல் பூச்சு போடக்கூடாது, அதனால் மிச்ச வேலையை இரண்டு மாதம் தள்ளி வைத்தார்கள். அதற்குள் நாகர்கோவிலில் எனக்கு வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. இடது கண்ணை அப்புறம் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

கட்டு அவிழ்த்த அன்று வீட்டுச் சுவரைப் பார்த்தேன். வெள்ளை. அப்படி ஒரு வெள்ளை. வலது கண்ணை மூடினால் சந்தனக் கலர். இடதை மூடினால் வெள்ளை. மூடித் திறந்து, மூடித் திறந்து, ஒரே சுவரை இரண்டு சுவராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மைமூன் பயந்துபோய், "என்னங்க, என்ன செய்யுது?" என்றாள். அவள் தலையில் அவ்வளவு நரை இருப்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. சுவர் அடித்தவரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குச் சண்டையே மறந்துபோயிருந்தது.

அதற்கடுத்த நாள் இனயத்துக்குப் போனேன். சில்வெஸ்டர் வாசலில் மெஷினைப் பிரித்துப்போட்டு, மோட்டாரில் தேய்ந்துபோன கார்பனை மாற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்தினான். நான் உட்காரவில்லை.

"அந்தப் பல் டாக்டருக்க வண்டி. கதவுல உள்ள கோடு எனக்க கோடுதானே?"

"ஆமா."

"அதுக்குப் பெறவு?"

"அதுக்குப் பெறவு என்ன?"

"ரெண்டு வருஷம் ஒரு புகாரும் வரலியே. எப்படி?"

அவன் ஸ்க்ரூவைக் கீழே வைத்தான். "நான் எல்லா வீட்டுலயும் ஏதாவது மறந்துட்டு வருவேன்லா" என்றான்.

உண்மைதான். துண்டு, டேப், ஒரு தடவை வாளியையே மறந்துவிட்டு வந்தான். ஒவ்வொரு வண்டி முடிந்ததும் மறுநாள் அதை எடுத்துவரப் போவான். வயதாகிவிட்டது உனக்கு என்று நான் அவனைக் கேலி செய்வேன்.

"போய்?"

"நீ செய்த பக்கத்த ஒருக்கா லேசா ஓட்டிட்டு வருவேன். ஆளுககிட்ட, கடைசிக் கைவேல மறுநாள்தான் செய்யணும்னு சொல்லுவேன்."

"எத்தன வண்டி?"

"எண்ணல. கறுப்பு எல்லாம். மத்ததுல பாதி."

"எனக்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன்லா. டாக்டர் வீட்டுல. நீ என்னக் கண்ணாஸ்பத்திரிக்கு அனுப்புன." சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. "நான் போனேன். கண்ணு நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. கண்ணாடி போட்டா நீ சும்மா இருப்பேன்னு போட்டேன்."

"எதுக்குலேய் இப்படிச் செய்த? எனக்க பேரக் காப்பாத்தவா?"

"அதும்தான்." ஸ்க்ரூவை மறுபடி கையில் எடுத்தான். "எல்லாரும் காதரத்தானே கூப்பிடுகாங்க. காதருக்குக் கண்ணு தெரியலன்னு வெளிய வந்தா என்னைய யாரு கூப்பிடுவா? எனக்குப் பயமும் உண்டு. கோவமும் உண்டு, கேட்டியா. ஒவ்வொரு கதவா ஓட்டும்போதும் ஒன்ன ஏசிக்கிட்டேதான் ஓட்டுவேன்."

அவனைக் கட்டிப்பிடிப்பதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. மைமூனிடம் கேட்டால், அவனைப் போல ஒருத்தன் கிடைக்கமாட்டான் என்கிறாள். என் மச்சான், கண் போகிறதைத் தெரிந்தும் இரண்டு வருடம் சொல்லாமல் இருந்தவன் என்ன கூட்டாளி என்கிறான். இரண்டையும் கேட்கும்போது இரண்டும் சரியாகத் தோன்றுகிறது. அந்த இரண்டு வருடத்தில் என் கைக்கென்று கிடைத்த பாராட்டுகளை என்ன செய்வது? வழியில் ஏதாவது கறுப்புக் காரைக் கண்டால், நான் செய்ததென்று ஒரு காலத்தில் நின்று பார்ப்பேன். இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன்.

கிளம்பும்போது, "சிஸ்டருக்க வண்டி இன்னும் முடியல" என்றான். "வாறியா?"

வருகிறேன் என்று சொன்னேன். 

அந்த வண்டியோடு வேலையை நிறுத்துவது என்று வீடு திரும்பும் வழியிலேயே மைமூனுக்குப் போனில் சொல்லிவிட்டேன். பெயின்ட் ஆறும் கெடு முடிந்ததும் குலசேகரத்துக்குப் பழையபடி பைக்கில் போனோம். வண்டி போர்ச்சில் நின்றது. வலது பக்கத்தை சில்வெஸ்டர் இதற்கிடையில் தனியாக வந்து மூன்றாம் கட்டம்வரை முடித்திருந்தான். இடது பக்கக் கதவுகளை நான் காம்பவுண்டு போட்ட நிலையிலேயே விட்டிருந்தான். தொடவே இல்லை.

இடது கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். நிழலில்கூடத் தெரிந்தது. கதவு முழுக்க மெஷின் சுற்றின தடம், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு பழகாத கை செய்தது மாதிரி. வலது பக்கம் போய் அவன் செய்ததைப் பார்த்தேன். அதில் புகைப்புரையின் ஓடும், பின்னாலுள்ள ரப்பர் மரங்களும், என் முகமும் தெரிந்தன. அதற்குள் ஒரு கீறல் இல்லை. இத்தனை வருடம் கூட இருந்தும், இவன் தொழிலில் என்னைத் தாண்டிப் போய்விட்டவன் என்று அன்றுதான் பார்த்தேன்.

"இந்தப் பக்கத்த நான் செய்யட்டா?" என்று கேட்டேன். அவன் மெஷினை நீட்டினான். பெட்டியிலிருந்து கறுப்புப் பேடை எடுத்து மாட்டினேன்.

மெதுவாகச் செய்தேன். பின் கதவு, முன் கதவு, மட்கார்டு. விளிம்புகளில் டேப்பை ஒட்டினேன், கடைசிவரை உரிக்கவில்லை. நான்கு மணி நேரம் ஆயிற்று. முடித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, தள்ளி நின்றேன். என் கண்ணுக்கு நன்றாக இருந்தது. ஆனால் என் கண்ணை இனி எவ்வளவு நம்புவதென்று எனக்கு அளவு தெரியாதே.

ஸ்டெல்லா சிஸ்டர் காப்பி கொண்டுவந்தார். குடித்தோம். கதவைப் பார்த்து, "சூப்பரா இருக்கு அண்ணா" என்றார். நான் சில்வெஸ்டரைப் பார்த்தேன்.

"நீ பாரு" என்றேன்.

அவன் தயங்கினான். "நல்லாத்தான் கெடக்கு."

"பக்கத்துல போய்ப் பாரு லேய்."

அவன் விளக்கை எடுத்தான். முட்டுக்கால் போட்டு உட்கார்ந்து, கதவோடு கன்னத்தை ஒட்டினாற்போலப் பின்னாலிருந்து முன்னால்வரை போனான். நானும் பின்னாலேயே நகர்ந்தேன், ஷார்ஜாவில் முதல் வண்டிக்குக்கூட அப்படிப் பின்னால் போனதில்லை. கைப்பிடிக்குக் கீழே நின்று ஒரு விரலை வைத்தான். "இங்க கொஞ்சம்." இன்னொரு இடத்தில் வைத்தான். "இங்கயும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் குனிந்து, இடது கண்ணை மூடிப் பார்த்தேன். இருந்தது. இரண்டு இடத்திலும் முடி மாதிரி மெல்லிய வளையம். திரும்ப மெஷினைப் போட்டு, துடைத்து, எழுந்தேன்.

"இப்ப?"

அவன் நெடுநேரம் பார்த்தான். சிஸ்டர்கூட காலி தம்ளர்களோடு அப்படியே நின்றார்.

"இன்னும் ஒண்ணு கெடக்கு மக்கா" என்றான்.

எனக்கு ஏன் கண் கலங்கியது என்று தெரியவில்லை. ஆபரேஷன் பண்ணின கண்ணில் தண்ணீர் விடக்கூடாது என்று சிஸ்டர் அதட்டினார். துடைத்துக்கொண்டு, "எங்க?" என்று கேட்டேன். அவன் காட்டினான்.